பாலுக்கு ஒரு காவலாளி

பழனி மலைத்தொடரில், கொடைக்கானலுக்கு அண்மையில், வில்பட்டி என்னும் சிற்றூர் உள்ளது. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, அந்தப் படிகளிலே உருளைக்கிழங்கும் காரட்டும் பீன்ஸும் பயிரிடுகிறார்கள் அவ்வூர் மக்கள். பூண்டும் பயிரிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் பகுதி அது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், பாலில் கலந்துவிடும் மருந்தைக் கண்டுபிடிக்கும் ஒரு கருவியைப் பற்றியது. பாலுக்கும் பூண்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. அந்தக் கருவியின் உட்பொருளை விளங்கிக்கொள்ள ஒரு பல் பூண்டைவிடச் சிறந்த ஆசிரியர் நமக்குக் கிடைப்பது அரிது.

ஒரு பல் பூண்டை எடுத்து, காயம் படாமல் மெல்லத் தோலுரித்து, மூக்கருகே வைத்துப் பாருங்கள். மணம் மிகச் சிறிதாகவே இருக்கும். அதையே அம்மியில் வைத்து நசுக்குங்கள். நொடியிலே காரமான நெடி எழுந்து வீடெங்கும் பரவுகிறது. முழுப் பல்லில் இல்லாத நெடி எங்கிருந்து வந்தது? இனி, மற்றொரு பல்லை நசுக்காமல் முழுதாகவே கொதிநீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, அதன்பின் நசுக்கிப் பாருங்கள். பழைய நெடி எழுவதில்லை. பொருள் அதேதான், நசுக்கும் செயலும் அதேதான். ஆயினும் வெந்நீர் எதையோ அழித்துவிட்டது.

அழிந்தது ஒரு நொதி. அதை என்ஸைம் என்றும் சொல்லுவார்கள். பூண்டின் உயிரணுவிலே அல்லியின் என்னும் மணமற்ற பொருள் ஓர் அறையிலும், அல்லியினேஸ் என்னும் நொதி வேறோர் அறையிலும் தனித்தனியே இருக்கின்றன. நசுக்கும்போது அறைச்சுவர்கள் உடைகின்றன, இரண்டும் சந்திக்கின்றன. நொதியானது அல்லியினைச் சிதைக்கிறது. அதிலிருந்து அல்லிசின் என்னும் நெடியுள்ள பொருள் பிறக்கிறது. உடன் சிறிது அம்மோனியாவும் பைருவிக் அமிலமும் உண்டாகின்றன. அல்லிசினை 1944-இல் அமெரிக்காவில் காவலிட்டோ, பெய்லி என்னும் இருவர் பிரித்தெடுத்து, அது பாக்டீரியாக்களை ஒடுக்கும் ஆற்றல் உடையது என்றும் காட்டினார்கள். ஆகவே பூண்டு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே செய்துகொள்ளும் ஒரு கிருமிக்கொல்லி அது எனலாம்.

இந்தச் சிறு சோதனையிலிருந்து மூன்று உண்மைகளை நாம் பெறுகிறோம். முதலாவது, நொதி தனக்குரிய பொருளை மட்டும் தேடிப் பிடித்து மாற்றுகிறது. இரண்டாவது, மாற்றத்தின் விளைவாக நம் புலனுக்கு எட்டும் ஓர் அறிகுறி தோன்றுகிறது. இங்கே அது நெடி. மூன்றாவது, வெப்பம் முதலியவற்றால் நொதி எளிதில் அழிந்துவிடும். நாம் பேசப்போகும் கருவியின் பலமும் பலவீனமும் இந்த மூன்றுக்குள்ளே அடங்கியிருக்கின்றன.

நொதி தனக்குரிய பொருளை மட்டும் இனங்காண்பதை, பூட்டுக்கும் சாவிக்கும் உள்ள பொருத்தத்துக்கு ஒப்பிட்டார் எமில் ஃபிஷர் என்ற ஜெர்மானிய ரசாயன அறிஞர். அவர் அவ்வாறு கூறியது 1894-ஆம் ஆண்டில். இன்று அந்த உவமை சிறிது திருத்தப்பட்டிருக்கிறது. பூட்டும் சாவிக்கு ஏற்பச் சற்றே வளைந்து கொடுக்கிறது என்று அறிகிறோம். எனினும் அடிப்படைக் கருத்து நிலைத்து நிற்கிறது. ஆயிரம் பொருள்கள் கலந்த கரைசலில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் திறமை நொதிக்கு உண்டு. மேலும், வேலை முடிந்தபின் அது செலவாகிப் போவதில்லை. ஒரு மூலக்கூற்றை மாற்றிவிட்டு, அடுத்ததை எதிர்நோக்கி நிற்கிறது.

இனி மருந்தைப் பார்ப்போம். 1928-இல் லண்டனில் அலெக்ஸாண்டர் பிளெமிங், பூஞ்சைக்காளான் ஒன்று தன்னைச் சுற்றியிருந்த கிருமிகளைக் கரைத்திருந்ததைக் கண்டார். அக்காளான் சுரந்த பொருளே பெனிசிலின். பின்னர் ஆக்ஸ்போர்டில் ஃப்ளோரியும் செயினும் அதனை மருந்தாக்கினார்கள். மூவரும் 1945-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நம் நாட்டில் புனேக்கு அருகே பிம்பிரியில் 1954-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஆண்டிபயாட்டிக்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை இம்மருந்தை இங்கேயே செய்யத் தொடங்கியது.

பெனிசிலின் கிருமியை எவ்வாறு கொல்லுகிறது? பாக்டீரியாவுக்குச் சுற்றிலும் ஓர் உறுதியான சுவர் உண்டு. அச்சுவரின் இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைப்பது ஒரு நொதியின் வேலை. பெனிசிலின் மூலக்கூற்றின் நடுவே நான்கு அணுக்களால் ஆன ஒரு சிறு சதுர வளையம் இருக்கிறது. அது அந்த நொதியிடம் போய் ஒட்டிக்கொண்டு, கொத்தனாரின் கையைக் கட்டிப்போட்டது போல் அதனைச் செயலறச் செய்கிறது. பிணைப்பில்லாத சுவர் பிளந்து கிருமி மடிகிறது. நம் உடலின் உயிரணுக்களுக்கு அத்தகைய சுவர் இல்லை. ஆகவே மருந்து நம்மை விட்டுக் கிருமியை மட்டும் தாக்குகிறது.

ஆனால் கிருமியும் சும்மா இருக்கவில்லை. 1940-இல் ஆபிரகாமும் செயினும் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்கள். சில பாக்டீரியாக்கள் பெனிசிலினை அழிக்கும் நொதி ஒன்றைச் செய்துகொள்ளுகின்றன என்பதே அச்செய்தி. அந்த நொதிக்குப் பெனிசிலினேஸ் என்று பெயரிட்டார்கள். ஆக்ஸ்போர்டில் முதல் நோயாளிக்குப் பெனிசிலின் சிகிச்சை தொடங்கியது 1941-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான். அதாவது, நாம் வாளை உறையிலிருந்து எடுப்பதற்கு முன்பே எதிரி கேடயத்தோடு நின்றிருந்தான். பெனிசிலினேஸ் செய்வது ஒரே ஒரு காரியம்: ஒரு நீர் மூலக்கூற்றைச் சேர்த்து, மருந்தின் அந்தச் சதுர வளையத்தைத் திறந்துவிடுகிறது. வளையம் திறந்ததும் மருந்து பயனற்றதாகிவிடுகிறது. அப்போது பெனிசிலாயிக் அமிலம் என்னும் புதிய அமிலம் பிறக்கிறது.

அமிலம் பிறக்கிறது என்ற இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூண்டு நசுங்கும்போது எழும் நெடி போன்றது இந்த அமிலம். பெனிசிலின் இங்கே இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இத்தகைய சாட்சி நமக்கு ஏன் வேண்டும்? கறவை மாடுகளுக்கு மடிநோய் வருவதுண்டு. மடி வீங்கிச் சிவந்து, பால் திரிந்து வரும். மருத்துவர் மாட்டுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கொடுக்கிறார். பெரும்பாலும் காம்பின் வழியாகவே மருந்தை மடிக்குள் செலுத்துகிறார். மாடு தேறுகிறது. ஆனால் செலுத்திய மருந்து சில நாள்வரை பாலோடு வெளிவந்துகொண்டே இருக்கும். அந்த நாள்களின் பாலை விற்கக் கூடாது என்பது விதி. எத்தனை நாள் என்பதை மருந்தின் உறையிலேயே அச்சிட வேண்டும் என்று 2012-இல் இந்திய அரசு விதி செய்தது. அவ்வாறு குறிப்பிடப்படாத மருந்தாயின், பாலுக்குக் குறைந்தது 7 நாள் காத்திருக்க வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது.

விதி எளிது, அதன்படி நடப்பது எளிதன்று. ஒரே ஒரு பசுவை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு 7 நாள் பால் என்பது 7 நாள் அடுப்பெரிவது. அந்தப் பாலைக் கீழே கொட்டு என்று சொல்லுவது நமக்கு எளிது, கேட்பவருக்கு எளிதன்று. ஆகவே அறியாமையாலோ வறுமையாலோ மருந்துப் பால் சில வேளை பொதுப் பாலில் கலந்துவிடுகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. 2019-இல் வெளியான அதன் முடிவின்படி, 77 மாதிரிகளில் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது. நூற்றுக்கு ஒன்றைச் சற்றே கடந்த விகிதம் இது. பீதிக்கு இடமில்லை, ஆனால் அலட்சியத்துக்கும் இடமில்லை.

அலட்சியம் ஏன் கூடாது? முதலில், பெனிசிலின் ஒவ்வாத உடல்வாகு உடையவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இரண்டாவது காரணத்தை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள்: மருந்து கலந்த பாலில் உறை ஊற்றினால் தயிர் தோயாமல் போகலாம். தயிரை ஆக்குவதும் பாக்டீரியாதானே! மருந்துக்கு நல்ல கிருமி, தீய கிருமி என்ற வேறுபாடு தெரியாது. மூன்றாவதே மிகப் பெரிய ஆபத்து. சிறு சிறு அளவில் மருந்தோடு பழகும் கிருமிக்கூட்டத்தில், அம்மருந்தைத் தாங்கும் கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன.

இது வெறும் கற்பனையச்சம் அன்று. பெனிசிலினேஸுக்குப் பின்னாளில் எத்தனையோ உறவினர் தோன்றினர். அவற்றுள் ஒன்றான என்.டி.எம்.-1 என்னும் நொதி, வேறு மருந்துகள் பயன்படாதபோது இறுதியாகக் கையாளும் மருந்துகளையும் சிதைக்க வல்லது. அந்நொதியை உடைய கிருமிகள் சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதை, சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை ஒன்று 2010-இல் உலகுக்கு அறிவித்தது. 1940-இல் கண்ட கேடயம் எழுபது ஆண்டில் கோட்டையாக வளர்ந்துவிட்டது. இந்தியாவில் 2019-இல் கோலிஸ்டின் என்னும் மருந்தைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுப்பதைத் தடை செய்ததும் இந்த அச்சத்தினால்தான்.

பாலில் எவ்வளவு பெனிசிலின் இருக்கலாம்? உணவுத் தரங்களை வகுக்கும் உலக அமைப்பான கோடெக்ஸ், ஒரு கிலோ பாலில் 4 மைக்ரோகிராம் என்று எல்லை வகுத்திருக்கிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே இந்த எல்லை 25 கோடியில் ஒரு பங்கு ஆகிறது. ஒரு லாரியில் 10,000 கிலோ பால் ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு கிராம் பெனிசிலினை 25 லாரிப் பாலில் சமமாகக் கலந்தால், அந்த 25 லாரிகளும் எல்லையை எட்டிவிடும். கண்ணுக்கும் நாவுக்கும் அகப்படாத அளவு இது.

பால் நிலையங்களில் நெடுங்காலமாக நடைபெறும் சோதனை ஒன்று உண்டு. வெப்பத்தை விரும்பி வளரும் ஒருவகைப் பாக்டீரியாவின் விதைத்துகள்களை ஊதா நிறச் சாயத்தோடு சேர்த்து வைத்திருப்பார்கள். அதில் சில துளி பாலை விட்டு, சுமார் 64 டிகிரி செண்டிகிரேட் வெப்பத்தில் வைப்பார்கள். பாலில் மருந்து இல்லையானால் பாக்டீரியா வளர்ந்து அமிலம் செய்யும், சாயம் மஞ்சளாகும். மருந்து இருந்தால் ஊதா ஊதாவாகவே நிற்கும். நம்பத்தக்க சோதனைதான். ஆனால் விடை வர ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகிறது. பாலோ அதுவரை காத்திராது. மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கும் பால் வண்டி, விடை வருவதற்குள் வத்தலக்குண்டைக் கடந்து சென்றிருக்கும். ஆதலால் விரைந்து விடை கூறும் கருவி வேண்டும் என்ற ஆவல் விஞ்ஞானிகளுக்கு உண்டாயிற்று.

இங்கேதான் ஓர் அழகிய எண்ணம் பிறந்தது. பெனிசிலினை உலகத்திலே யாரினும் நன்றாக இனங்காணக்கூடியவன் யார்? அதன் பகைவனாகிய பெனிசிலினேஸ் அன்றோ? அவனையே பிடித்துவந்து காவலுக்கு நிறுத்தினால் என்ன?

எண்ணம் நன்று. ஆனால் நொதி நீரில் கரையும் பொருள். பாலில் இட்டால் பாலோடு போய்விடும். ஒவ்வொரு சோதனைக்கும் புது நொதி வேண்டும். அது விலை மிகுந்த பொருள். மேலும், அது அளவுகோலின் முனையிலேயே நின்றால்தான் அங்கே பிறக்கும் அமிலத்தை உடனே அளக்க முடியும். ஆகவே நொதியை ஓரிடத்தில் கட்டிவைக்க வேண்டும். கட்டும்போது அதன் உயிர்நாடியான அமைப்பு சிதையவும் கூடாது.

இதற்கு நான்கு வழிகள் உண்டு. கரித்தூள் போன்ற பொருளின் மேற்பரப்பில் நொதியை ஒட்டச் செய்வது ஒன்று. 1916-ஆம் ஆண்டிலேயே நெல்சன், கிரிஃபின் என்னும் இருவர் சர்க்கரையைச் சிதைக்கும் நொதியைக் கரியின்மேல் ஒட்டச்செய்து, அது தன் வேலையை விடாமல் செய்வதைக் கண்டனர். ரசாயனப் பிணைப்பால் ஒரு தாங்கியோடு இறுகக் கட்டுவது இரண்டாவது வழி. நொதி மூலக்கூறுகளையே ஒன்றோடொன்று கோத்துவிடுவது மூன்றாவது. வலை போன்ற ஒரு படலத்துக்குள் சிறை வைப்பது நான்காவது. அந்த நான்காவது வழியே இன்று நமக்கு முக்கியம்.

தயிர் எவ்வாறு தோய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாலில் மிதந்திருந்த புரதத் துகள்கள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகின்றன. அவ்வலைக்குள் நீர் அகப்பட்டு நிற்கிறது. பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்காகக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. அத்தகைய சங்கிலிகளை இடையிடையே குறுக்குப் பாலங்களால் இணைத்தால் ஒரு வலை உண்டாகிறது. பாலிஅக்ரிலமைடு அத்தகைய ஒரு பொருள். அதன் மூலப்பொருளை நீரில் கரைத்து, அதிலே நொதியையும் கலந்து, வினையைத் தூண்டிவிட்டால் கரைசல் தயிர்போலத் தோய்ந்து மெல்லிய கூழ்ப்படலமாகிறது. கரைசலில் மிதந்துகொண்டிருந்த நொதிகள் தாம் இருந்த இடத்திலேயே வலையில் அகப்பட்டுக்கொள்ளுகின்றன.

இனி வலைக்கண்ணின் கணக்கைப் பாருங்கள். பெனிசிலினின் மூலக்கூற்று எடை சுமார் 334. பெனிசிலினேஸின் எடையோ ஏறத்தாழ 29,000. ஒன்று அயிரை மீன் என்றால் மற்றது சுறா. வலைக்கண் தக்க அளவில் இருந்தால், சிறியதான பெனிசிலின் தாராளமாக உள்ளே வரும். அமிலமாகி வெளியேயும் போகும். பெரியதான நொதி மட்டும் வெளியேற மாட்டாது. சிறையிலிருந்தபடியே அது வேலை செய்துகொண்டிருக்கும்.

படலத்தின் பருமனிலும் ஒரு நுட்பம் உண்டு. தடித்த படலத்தில் நிறைய நொதி கொள்ளும். ஆனால் மருந்து உள்ளே ஊறிச் செல்ல நேரமாகும். மெல்லிய படலத்தில் விடை விரைவாக வரும். ஆனால் நொதி குறைவு, ஆயுளும் குறைவு. இரண்டுக்கும் இடையே தக்க அளவைக் கண்டுபிடிப்பதிலேயே ஆய்வாளரின் பொறுமை பெரிதும் செலவாகிறது.

நொதியையும் மின்கருவியையும் இணைக்கும் எண்ணத்தை முதன்முதலாக 1962-இல் வெளியிட்டவர்கள் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லியான்ஸும். அவர்கள் நாடியது ரத்தத்திலுள்ள சர்க்கரை. 1967-இல் அப்டைக், ஹிக்ஸ் என்னும் இருவர் சர்க்கரையின் நொதியைப் பாலிஅக்ரிலமைடு கூழில் சிறைவைத்து மின்முனைமேல் பொருத்தினார்கள். 1973-இல் பாப்பரியெல்லோ, முகர்ஜி, ஷியரர் ஆகிய மூவர் அதே வழியைப் பெனிசிலினுக்குப் பயன்படுத்தினார்கள். பெனிசிலினேஸ் அடங்கிய மெல்லிய கூழ்ப்படலத்தை, அமிலத்தன்மையை அளக்கும் கண்ணாடி மின்முனையின்மேல் நேரே வார்த்தார்கள். அதுவே பெனிசிலின் மின்முனை. இத்தகைய கருவிகளுக்கு உயிரியுணரி என்று பெயர். இனங்காண்பது உயிர்ப்பொருள், அறிவிப்பது மின்சாரம்.

அதன் செயலைப் படிப்படியாகச் சொல்லுகிறேன். மின்முனையைக் கரைசலில் நனைக்கிறோம். பெனிசிலின் படலத்தினுள் நுழைகிறது. நொதி அதன் வளையத்தைத் திறக்கிறது. அமிலம் பிறந்து ஹைட்ரஜன் அயனிகள் பெருகுகின்றன. கண்ணாடியின் இருபுறமும் அயனிகளின் அளவு வேறுபடுவதால் மின்னழுத்தம் மாறுகிறது. 25 டிகிரி வெப்பத்தில், ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு கூடினால் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். முள் நகர்ந்த அளவைக் கொண்டு மருந்தின் அளவை அறிகிறோம். மணிக்கணக்கு இல்லை, மிகச் சிறிது நேரத்தில் விடை வந்துவிடுகிறது.

அதன்பின் வலையின் பொருளும் கருவியின் உருவமும் பலவாறு மாறின. 1980-இல் காராஸ், யானாட்டா என்னும் இருவர் கண்ணாடி மின்முனைக்கு மாற்றாக ஒரு டிரான்சிஸ்டரின்மேல் நொதிப் படலத்தைப் பொருத்தினார்கள்; கருவி நகக்கண் அளவுக்குச் சுருங்கியது. மின்சாரத்தைக் கடத்தும் பாலிமர்கள் 1977-இல் வெளிப்பட்டன. அதற்காக மூவர் 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். அமிலம் பட்டால் அத்தகைய பாலிமரின் மின்கடத்தும் திறன் மாறும். ஆகவே வலையே அளவுகோலாகவும் ஆகிவிடலாம். 1992-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பாலிபிரோல் என்னும் கடத்துப்பாலிமரைக் கொண்டு பெனிசிலின் உணரி ஒன்றைச் செய்தார்கள். இறால் ஓட்டிலிருந்து பெறும் கைட்டோசானும், கடற்பாசியிலிருந்து பெறும் ஆல்ஜினேட்டும் கூட நொதிக்கு நல்ல சிறைகள் ஆகின்றன.

இவ்வளவு கேட்டபின், இனிப் பாலுக்குக் கவலையில்லை என்று நீங்கள் எண்ணக்கூடும். அங்கேதான் விஞ்ஞானம் நம்மைச் சற்றே நிறுத்தி, கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுகிறது.

ஒரு லிட்டர் பாலில் 4 மைக்ரோகிராம் பெனிசிலின் இருக்கிறது. அது முழுவதும் அமிலமாகிறது என்றே கொள்வோம். அதிலிருந்து பிறக்கும் ஹைட்ரஜன் அயனிகள் எவ்வளவு? தூய நீரிலே இயல்பாகவே உள்ள ஹைட்ரஜன் அயனிகளில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். அதிலும் பால் தூய நீர் அன்று. அதிலுள்ள பாஸ்பேட்டுகளும் சிட்ரேட்டுகளும் புரதங்களும், வரும் அமிலத்தை உடனுக்குடன் உறிஞ்சி, அமிலத்தன்மை மாறாமல் காக்கின்றன. திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலில் ஒருவர் காதோடு பேசும் பேச்சைக் கேட்க முயல்வது போன்றது இது. அதனால் இந்த மின்முனை, மருந்து செறிவாக உள்ள தொழிற்சாலைத் தொட்டிகளுக்குப் பொருத்தமாயிற்று. பாலின் 25 கோடியில் ஒரு பங்கைக் காண அதன் கண் போதவில்லை.

வேறு இடர்களும் உண்டு. வெப்பம் மாறினால் நொதியின் வேகம் மாறும். வில்பட்டியின் விடியற்காலைக் குளிரில் சரிபார்த்த கருவி, சமவெளியின் நண்பகல் வெயிலில் வேறு விடை சொல்லும். பாலின் கொழுப்பும் புரதமும் படலத்தின் கண்களை அடைத்துவிடும். நாளாக நாளாக நொதியும் சோர்ந்து போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பூட்டு ஒன்றானால் சாவியும் ஒன்றே. 2007-இல் ஹைதராபாத் அருகே பட்டான்செருவில், மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளிவிடும் நீரை ஆராய்ந்தபோது, லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சாசின் என்னும் மருந்து இருந்தது தெரியவந்தது. அது பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அத்தனை மருந்தின் நடுவே நிறுத்தினாலும் நம் பெனிசிலினேஸ் காவலாளிக்கு ஒன்றும் தெரியாது.

பாலின் கணக்குக்கு விஞ்ஞானிகள் கண்ட வழி சுவையானது. காவலாளியை மாற்றினார்கள். பெனிசிலினைச் சிதைக்கும் நொதிக்குப் பதிலாக, பெனிசிலினால் கட்டுண்டு செயலறும் நொதியை எடுத்துக்கொண்டார்கள். கொத்தனார் என்று முன்பு கூறினேனே, அவருடைய இனத்தைச் சேர்ந்த நொதி அது. கார்பாக்ஸிபெப்டிடேஸ் என்பது அதன் பெயர். அது உழைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு நிறம் தோன்றும்படி அமைத்துவிட்டால், பாலில் பெனிசிலின் உள்ள அளவுக்கு நிறம் குறையும். ஒரு நொதி பல மூலக்கூறுகளை மாற்ற வல்லது. அந்த ஒரு நொதியைக் கட்ட ஒரே ஒரு பெனிசிலின் போதும். ஆகவே சிறிய காரணம் பெரிய விளைவாகப் பெருகித் தெரிகிறது. இந்தத் தத்துவத்தின்மேல் எழுந்த சோதனைகளும், பெனிசிலினைப் பற்றிக்கொள்ளும் புரதங்களைத் தாளில் பதித்துச் செய்யும் பட்டைச் சோதனைகளும், பால் வண்டி நிற்கும் நேரத்துக்குள் விடை தருகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒருமுறை பயன்படுத்தி எறிபவை. உண்டு, இல்லை என்று மட்டும் கூறுபவை. திரும்பத் திரும்பப் பயன்பட்டு, எவ்வளவு என்று எண்ணில் சொல்லும் மலிவான படலத்துக்கான தேடல் இன்னும் நடைபெறுகிறது.

பெனிசிலினேஸின் இன்னொரு முகத்தையும் நீங்கள் அறிய வேண்டும். அதைப் பாலிலேயே நேராகக் கலந்து, மருந்தின் தடயத்தை அழித்துவிட்டுச் சோதனையில் தேறச் செய்யும் வஞ்சகம் சீனாவில் நடந்தது. 2009-இல் அந்நாட்டு அரசு இந்த நொதியைப் பாலில் கலக்கக் கூடாத பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. கிருமியின் கையில் கேடயமாக இருந்தது. ஆய்வாளரின் படலத்தில் காவலாளி ஆயிற்று. வஞ்சகரின் கையில் சாட்சியை அழிக்கும் கருவியாகவும் ஆயிற்று. நொதி ஒன்றே. அதை எங்கே, எதற்காக வைத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

மாணவ நேயர்களே, இத்துறை ஒரு பாடநூலுக்குள் அடங்குவதன்று. நொதியை அறிய உயிரியல் வேண்டும். வலையை நெய்ய ரசாயனம் வேண்டும். மில்லிவோல்ட்டைப் படிக்கப் பௌதிகம் வேண்டும். நம் நாட்டிலேயே இதற்கேற்ற நிலையங்கள் இருக்கின்றன. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் தந்ததால் 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நமக்குத் தொலைவில் இல்லை. மைசூரில் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உங்களுள் சிலர் நாளை அங்கே அமர்ந்து இந்தக் கணக்கைத் தொடரலாம்.

தொடங்குவதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஜெர்மானிய ஆய்வாளர்கள் பூண்டின் அல்லியினேஸையே கட்டிவைத்து, அது விடுவிக்கும் அம்மோனியாவை அளந்து, அல்லியினைக் கணக்கிடும் உணரி ஒன்றை 2003-இல் வெளியிட்டிருக்கிறார்கள். வில்பட்டிப் பூண்டுக்கும் சமவெளிப் பூண்டுக்கும் காரத்தில் உள்ள வேறுபாட்டை நாக்கால் சொல்லுகிறோம். எண்ணால் சொல்லவும் வழி உண்டு என்பதை அது காட்டுகிறது. பச்சைப் பூண்டையும் வெந்நீரில் இட்ட பூண்டையும் நசுக்கி முகர்ந்து பார்க்கும் சோதனையை இன்று மாலையே உங்கள் வீட்டில் செய்யலாம்.

மற்றொரு காரியமும் நீங்கள் செய்யக் கூடும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பசுவுக்கு மருந்து கொடுத்தால், அந்த உறையை வாங்கிப் படித்துப் பாருங்கள். எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அந்த எழுத்து பெரும்பாலும் பொடியாகவே இருக்கும். வீட்டுப் பெரியவர்களின் கண்ணுக்கு எட்டாமலும் போகலாம். அதை உரக்கப் படித்துச் சொல்லி, எந்தத் தேதியோடு அந்த நாள்கள் முடிகின்றன என்று தொழுவத்துச் சுவரிலே கரியால் எழுதி வையுங்கள். மின்முனையின் கண்ணுக்கு எட்டாத 25 கோடியில் ஒரு பங்கையும், அந்தக் கரிக்கோடு பாலில் சேராமலே தடுத்துவிடும்.